மலம்புழாவை மூடிய பொங்கியண்ணன்

பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதிப் பக்கத்தில் பொங்கியண்ணனைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் சொல்வார்கள். ஆள் அதிகம் பேசமாட்டார். ஆனால் தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. என் அக்காவைக் கட்டியவர், எனக்கு மச்சான் முறை. ஆகவே ஊரார் சொல்வதில் மிகை இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எங்கள் பக்கம் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சீமை. பாலக்காட்டில் குடையும் கையுமாக நடக்கிற மாதத்தில் நாங்கள் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நிற்போம். மச்சான் வீட்டில் குளிக்கிற தண்ணீர் தென்னைக்குப் போகும், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் கத்தரிச் செடிக்குப் போகும். முகம் கழுவுவதாக இருந்தாலும் ஏதாவது ஒரு செடியடியில் குனிந்துதான் கழுவுவார். தொட்டிக் குழாயை யாராவது சரியாக மூடாமல் விட்டால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய் மூடிவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுவார். அக்கா உயிரோடு இருந்தவரை இதற்காக அவரைக் கேலி செய்யாத நாளில்லை.

அக்கா போன பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே மகள் ராமாத்தாள். அவளை மலைமேல் இருக்கிற தேவிகுளம் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் சென்னியப்பனுக்குக் கொடுத்திருந்தோம். வருடா வருடம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பேரன் குருசாமியும் பேத்தி வள்ளியும் அப்பிச்சி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மனிதர் மற்ற மாதங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் அதைச் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

எழுபத்தைந்தாம் வருடம் என்று நினைக்கிறேன், கோடை கொளுத்தி எடுத்தது. பிள்ளைகளோ திரும்பின பக்கமெல்லாம் ஓடையைப் பார்த்து வளர்ந்தவர்கள். இங்கே ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு பேரின் குளியலும் முடிந்துவிட வேண்டும். ஒருநாள் பாதிக் குளியலில் வாளி காலியாகிவிட்டது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு நின்ற குருசாமி, அடுத்த வருடம் தான் வரப்போவதில்லை என்றும் இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்றும் அறிவித்துவிட்டான். அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற வள்ளி அதற்கும் தலையாட்டினாள்.

மூன்றாம் வகுப்புப் பையன் கோபத்தில் சொன்னதை யாராவது மனசில் வைப்பார்களா? மச்சான் வைத்தார். ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாப்ளே, மலம்புழாவுல என்னமோ பார்க்கு இருக்குதாமா. பசங்களக் கூட்டீட்டுப் போலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் காட்டுப் பயிருக்கு வராத தண்ணீரைப் பார்க்க நாம் ஏன் போக வேண்டும் என்று மலம்புழாவில் அணை கட்டின நாளிலிருந்து வீம்பு பிடித்தவர் அவர். திங்கட்கிழமை மருமகன் வந்து பிள்ளைகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை தூக்குப்போசியில் கட்டுச்சோற்றோடு வேலந்தாவளத்தில் பஸ் ஏறினோம். பாலக்காட்டில் வண்டி மாறினோம்.

போய்ச் சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், அணைமேல் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்தது. எத்தனை காட்டுக்குப் பாயும் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. குருசாமிக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு படகு திரும்பும்போது அதன் பின்னால் தண்ணீர் எப்படி மடிந்து வருகிறது என்று காட்டினான். மச்சான் அவன் உயரத்துக்குக் குனிந்து, அவன் விரல் போன பக்கம் பார்த்தார். அட, ஆமாம் என்றார். அப்புறம் அன்று முழுக்க அவர் தானாக எதையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் எதைக் காட்டினார்களோ அதை மட்டும் பார்த்தார். ரோஜாவுக்குள் போன எறும்பைப் பார்த்தார். தொங்குபாலம் ஆடியபோது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினார். அதைப் பார்த்து வள்ளி விழுந்து விழுந்து சிரித்ததால், வேண்டுமென்றே மறுபடியும் ஒருமுறை போய் முனகிவிட்டு வந்தார்.

யட்சி சிலைக்கு முன்னால்தான் வசமாக மாட்டிக்கொண்டார். துணி இல்லாமல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்ததும் மனிதர் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டார். இந்த அக்கா ஏன் துணி போடவில்லை என்று வள்ளி உரக்கக் கேட்டாள். குளிக்கப் போகிறாள் சாமி என்று துண்டுக்குள்ளிருந்தே பதில் சொன்னார். இங்கே குளிக்க நிறையத் தண்ணீர் இருக்கிறது, அதனால்தான் என்றான் குருசாமி. எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் துண்டை எடுத்தபோது முகம் வாடியிருந்தது.

சாயங்காலம் கலர் விளக்குப் போட்டு நீரூற்று விடுவார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னதிலிருந்து வள்ளி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். இருட்டத் தொடங்கியதும் முன்வரிசைப் புல்லில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பிற்று. அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எரிந்தன. வள்ளி வாயைத் திறந்தவள் மூடவில்லை. வரமாட்டேன் என்ற பையன் எழுந்து நின்று குதித்தான். மச்சான் நீரூற்றைப் பார்க்கவே இல்லை, அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

போசியைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து திருப்தியாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செடிக்குப் பொறவால ஒரு குழாய்ல தண்ணி சும்மா வாய்க்கால்ல போயிட்டிருந்துச்சு மாப்ளே. எவனோ தெறந்து உட்டுட்டுப் போயிட்டான். சக்கரத்தத் திருப்பி மூடீட்டு வந்துட்டேன்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நீரூற்று ஆள் உயரத்துக்கு இறங்கிற்று. பிறகு முழங்கால் உயரம், பிறகு ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் வெறும் தொட்டியில் எரிந்துகொண்டிருந்தன. மச்சான் திருப்பிய சக்கரம் நீரூற்றுக்கும் சேர்த்துத்தான் இருந்திருக்கிறது. கூட்டம் ஓவென்று கத்தியது. வள்ளி அழ ஆரம்பித்தாள்.

நான் மச்சானின் தொடையைக் கிள்ளினேன், பேசாமல் இருங்கள் என்று அர்த்தம். யாருக்கும் தெரியாது, பார்க்குக்காரர்களே கண்டுபிடித்துத் திறந்துகொள்வார்கள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் டார்ச் விளக்கோடு ஓடி வந்து, "ஆரா இது அடச்சது?" என்று மூடிய ஆளைக் கேட்டுப் பொதுவாகக் கத்தினார். மச்சான் வள்ளியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எழுந்து நின்றார்.

"நாந்தானுங்க."

சுற்றிலும் சிரித்தார்கள். காக்கிச் சட்டைக்காரர் மலையாளத்தில் திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. மச்சான் தலையைக் குனிந்து நின்றார். மூடினவனே வந்து திற என்று காக்கிச் சட்டைக்காரர் அவரை இழுத்துக்கொண்டு போக, பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். சக்கரம் நன்றாக இறுகிக் கிடந்தது. மச்சான் கைக்கு மேல் குருசாமியும் கை வைத்துத் தள்ளினான். சட்டென்று தண்ணீர் எழும்பிற்று, கூட்டம் மறுபடியும் கத்தியது.

பஸ் ஏறித் திரும்பினோம். வள்ளி என் மடியில் தூங்கிவிட்டாள். வேலந்தாவளத்தில் இறங்கி நடக்கும்போது மச்சான் சொன்னார், பசங்களைச் சந்தோஷப்படுத்தக் கூட்டிப்போய் அவர்கள் முன்னால் திட்டு வாங்கினேன், இனி எங்கே வரப்போகிறார்கள் என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் மருமகன் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் குருசாமி நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டான். மாமனார் இருக்கிறாரே என்று சென்னியப்பன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பார்க்கப் பாவமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். பஸ் வந்து நின்ற பிறகுதான் மச்சான், இத்தனை நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"அடுத்த வருசம் வருவியா சாமி?"

குருசாமி படியில் நின்றபடி திரும்பினான்.

"நீங்க இப்பவே எங்ககூட வாங்க அப்பிச்சி. தேவிகுளத்துல ரோட்டோரமெல்லாம் தண்ணி சும்மா ஊத்திக்கிட்டே கெடக்குது. மூடறதுக்கு அங்க ஒரு ஆளே இல்ல."

பஸ்ஸில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றான். மருமகன் கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். கூட்டுக் கிணற்றில் எங்கள் தண்ணீர் முறை தவறிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் மச்சான் தட்டிக்கழித்து வந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"மாப்ளே, வெள்ளிக்கெழம நம்ம மொறை. நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மச்சான் படியேறினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு உறைத்தது, மனிதர் மாற்று வேட்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை.