பச்சை அங்கிக்காரரின் மூக்கு

காலையில் ஊர்க் கூடத்தைத் திறந்ததும் டிராஹோமீரா நாற்காலியை இழுத்துப் போடுவாள், சுவரளவு ஓவியத்தில் பச்சை அங்கியோடு நிற்கும் ஆளுக்கு நேர் கீழே. உட்கார்ந்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வாள். மேலே உள்ள மூக்கும் கீழே உள்ள மூக்கும் ஒன்று என்பதைப் பார்க்க வருகிறவர்கள் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா. பச்சைன்னா நம்பிக்கை. வரப்போற காலம்."

ஸ்லாவ் இனத்தாரின் பழங்கதையை வரைந்த ஓவியருக்கு, செக் நாட்டு மொராவியாவின் இந்த ஊர்க்காரர்கள்தான் வேடம் கட்டி நின்றார்கள். படத்தில் சிவப்பு அங்கி என்றால் போர், வெள்ளை என்றால் சமாதானம், நீலம் என்றால் செத்துப்போனவர்கள். ஆகவே இங்கே குடும்ப கௌரவத்துக்கு நிறம் உண்டு. ரொட்டிக்கடைக்காரன் விரானாவின் கொள்ளுத்தாத்தா ஓரத்தில் நீலக் கூட்டத்தோடு நிற்கிறார். கல்யாண வீடுகளில் பிளம் சாராயம் ஒரு சுற்று வந்ததுமே, "உங்காளு பொணம், எங்காளு நம்பிக்கை" என்று டிராஹோமீரா ஆரம்பித்துவிடுவாள்.

படத்தின் பக்கம் யாராவது தும்மினால்கூடப் பதறுவாள். அவளுடைய கல்யாண விருந்து இதே கூடத்தில்தான் நடந்தது. பச்சை அங்கிக்காரருக்குக் கீழே இருந்த கணப்பைச் சுற்றி நின்று ஊரே புகைத்துத் தள்ளியது. அது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

இந்த வசந்தத்தில் படத்தைச் சுத்தம் செய்ய சிமோனா வந்தாள். சாரத்தில் ஏறி, அந்த ஆளின் தலைக்கு மேலே இருந்த வானத்தைப் பஞ்சால் துடைத்தாள். பச்சை வானம் நீலமானது. டிராஹோமீரா அன்று தினமும் தின்னும் கசகசா ரொட்டியைத் தொடவில்லை.

சிமோனா இறங்கி வந்தாள். "அம்மா, அந்த அங்கியும் இப்படித்தான் ஆகும்போல. நீலத்து மேல மஞ்சப் புகை படிஞ்சா பச்சையாத்தான் தெரியும். வேணும்னா அதை அப்படியே விட்டுடட்டுமா? யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேன்," என்றான் வாசலில் நின்ற விரானா. "துடைக்கச் சொல்லு, டிராஹா. நம்பிக்கை எவ்வளவு தாங்குதுன்னு பாப்போம்."

டிராஹோமீரா அங்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"துடைம்மா. மூக்குல மட்டும் ரொம்ப அழுத்தாதே."

பஞ்சு பழுப்பேறியது. அங்கி மெல்லமெல்ல நிறம் மாறி, கடைசியில் விரானா வீட்டு நீலமாகவே வந்து நின்றது.

"வா டிராஹா, வா! இனி நாம ஒரே இடுகாடு."

டிராஹோமீரா எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். வேறு மூலைக்குப் போகிறாள் என்றுதான் சிமோனா நினைத்தாள். அந்த நேரம் பார்த்து, படம் பார்க்க ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தது. டிராஹோமீரா அதே மூக்குக்குக் கீழே நாற்காலியைச் சுவரோடு இன்னும் ஒரு சாண் ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள்.