இன்னும் எரியும் நத்தார் நட்சத்திரம்

நத்தார்க் காலம், அதாவது கிறிஸ்மஸ் காலம், முடிந்ததும் பல்கனி அலங்காரங்களை அகற்ற வேண்டும் என்பது எங்கள் அடுக்குமாடியின் விதி. வழக்கறிஞனான நான், நிர்வாகக் குழு உறுப்பினன் என்ற முறையில், இன்று எதிர்வீட்டு றீற்றாவிடம் அவருடைய நட்சத்திர விளக்கைப் பற்றிப் பேசச் சென்றேன்.

அவருடைய கணவர் நத்தாருக்கு முன்பிருந்தே மருத்துவமனையில் இருக்கிறார்.

"அவர் வந்து பாக்கட்டும் அண்ணை, பிறகு கழட்டுறன்."

"வருவாரெண்டு டொக்டர் சொன்னவரோ?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தார். "உத்தரவாதம் வேணுமெண்டா லோயர் உங்களிட்டை வந்திருப்பன். நம்பிக்கைக்கு நான் யேசுவிட்டைப் போறன். உள்ளை வாங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்."

நீதிமன்றங்களில் பல சாட்சியங்களைக் கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவின் இந்த இருண்ட வாரங்களில், இத்தனை திடமான ஒன்றை இன்றுதான் கேட்டேன்.

நத்தார்க் காலம் எப்போது முடிகிறது என்பதை விதி வரையறுக்கவில்லை. குழுவுக்கு அவ்வாறே எழுதிவிட்டேன்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் இந்தப் பதிவின் கீழே தெரிவிக்கலாம். ஆனால் றீற்றாவின் கதவைத் தட்டிச் சொல்வது அவரவர் பொறுப்பு.