சப்பாத்து கழுவிய மிஸ்

கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கத்தரி போட்டிருந்தேன். பெரிய கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் ஆராய்ச்சிக்காக அதன் இலை பறிக்க வந்தார். வாடல் நோயைத் தாங்கும் சுண்டையின் மரபணுவைக் கத்தரியின் மரபணுவோடு ஒப்பிட்டு, வாடாத கத்தரி இனம் உண்டாக்கும் ஆராய்ச்சி அவருடையது.

அடுத்த மாதமே என் கத்தரி வாடியது. மறுபடி வந்தவர் வேலிக்கு வெளியே நின்று காலில் போட்டிருந்த சப்பாத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

“போன முறை கழுவாமல் வந்திட்டன், அக்கா. நோய் மண்ணை நான்தான் கொண்டுவந்தனோ தெரியேல்லை.”

“அப்படியெல்லாம் இல்லீங்க மிஸ். உள்ள வாங்க.”

அவர் வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

மேல் லயத்துக் கத்தரிப் பாத்திகள் என்னுடையதற்கு முன்பே வாடியிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கிருந்துதான் என் பாத்திக்கு மண் கலங்கிய தண்ணீர் இறங்கி வருகிறது. மிஸ் அந்தப் பக்கம் போனதே இல்லை. அதை அவரிடம் சொல்ல இன்னும் வழி தேடுகிறேன்.