கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தபோது சுவாமி வந்தார்

நேற்று சாயங்காலம் ஏகாம்பரநாதர் புறப்பாடு எங்கள் தெரு வழியாக வந்தது. முன்னால் போன தீவட்டியின் எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குச் சதுரங்கப் பலகை நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நானும் தனசேகரும் ராஜ வீதியில் ஒரே பட்டுக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தோம். மதியம் கூட்டம் இருக்காது. ஜமக்காளத்தின் ஓரமாகப் பலகையை விரிப்போம். ஒரு சிப்பாய் தொலைந்துபோய், அந்த இடத்தில் நூல்கண்டு நிற்கும். போட்டிகளுக்கும் சேர்ந்தே போவோம். ரேட்டிங்கில் அவன் எங்கோ மேலே. எனக்கும் ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவனை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. வேண்டாத சாமியில்லை. சாமிக்கும் ஆட்டம் தெரிந்திருக்கும் போல, என் பக்கம் சேரவே இல்லை.

அந்தப் பங்குனியில் கல்யாண மண்டபத்தில் ஒரு போட்டி. முந்தின நாள் கல்யாணத்துச் சாம்பார் வாசனைகூடப் போகவில்லை. கடைசிச் சுற்றில் என் எதிரே அவனே வந்து உட்கார்ந்தான். மறுநாள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான். இதை விட்டால் எனக்கு வேறு ஆட்டம் ஏது?

"பொட்டியெல்லாம் கட்டியாச்சுபா. நீதான் பாக்கி" என்றான்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. என் முறை, என் கடிகாரத்தில் கொஞ்ச நேரம்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து வாசலில் மேளச் சத்தம். சுவாமி தெருவில் போகும்போது உட்கார்ந்திருந்து எனக்குப் பழக்கமில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன்.

"டேய், உன் கடிகாரம் ஓடிக்கினு இருக்குது." அவனும் எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னான்.

"ஓடட்டும்பா. சுவாமி போயிடட்டும்."

தீபாராதனை முடிந்து சுவாமி நகர்ந்தபோது முள் உச்சியைத் தொடப்போகிறது, தொட்டால் நான் தோற்றேன். உட்கார்ந்து அவசரமாகக் குதிரையை நகர்த்தினேன். எனக்கு யோசிக்க நேரம் தரக்கூடாதென்று அவனும் படபடவென்று ஆடினான். அந்த வேகத்தில் ராணியை என் குதிரை எட்டுகிற கட்டத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டான். கையை எடுத்த பிறகுதான் பார்த்தான்.

ராஜாவைச் சாய்த்துவிட்டுச் சிரித்தான். "நீ எங்கடா ஜெயிச்ச? ஏகாம்பரம் வந்து ஆடிட்டுப் போனாரு. லீவுல வரேன், அவரு இல்லாத நேரமா பார்த்து வெச்சிக்கலாம்."

லீவில் வந்தான். நான் குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தேன். அடுத்த லீவுக்கு முன்னால் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டான்.

பட்டுக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அங்கே வாங்கிய போனில்தான் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறேன். நேற்று ஆட்டத்துக்கு நடுவே சுவாமி வந்தபோது எழுந்து, நிதானமாகத்தான் கும்பிட்டேன். கடிகாரம் ஓடுகிறதென்று சொல்ல எதிரே ஆள் இல்லை.