இடது தோளும் ஸ்டியரிங் பொக்ஸும்

என் இடது தோள் இறுகிப்போன வருடத்தில்தான் காரின் ஸ்டியரிங் பொக்ஸும் தேய்ந்துபோனது. கையில் பலம் குறையவில்லை. முன்னால் நீட்டித் தள்ளலாம், இழுக்கலாம். மேலே தூக்கவோ நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோகவோதான் முடியாது. ஆஸ்பத்திரியில் சுவரில் விரல்களால் ஏறி இறங்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், "மெதுவாத்தான் சரியாகும், பொறுமையா இருங்க" என்றார்.

கார் விஷயத்தில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டு கதவும் இரட்டைக் கார்புரேட்டரும் கொண்ட பழைய ஜப்பான் கார் அது. வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த வகை. ஊரைவிட்டுப் போன தேயிலைத் தோட்டத்து மனேஜர் துரை ஒருவரிடம் வாங்கினேன். கணக்கு டீச்சருக்கு எதற்கு இந்த வண்டி என்று கேட்காதவர்கள் குறைவு. ரத்தோட்டைக்கு மேலேயுள்ள பாடசாலைக்கு மாத்தளையிலிருந்து தினமும் அதில்தான் போய்வருகிறேன். பாதையில் பாதி கொண்டை வளைவுகள்.

ஸ்டியரிங்கின் சுற்றலை முன் டயர்களுக்குக் கடத்தும் அந்தப் பல்சக்கரப் பெட்டியின் தேய்மானம் முற்றியபோது, ஸ்டியரிங்கை அசைத்தாலும் முன் டயர்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டே திரும்பின. பல்லேபொலயில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். இந்தக் காரை நெடுங்காலமாகப் பார்த்துவருபவர் அவர். கொழும்புப் பழைய சாமான் கடையில் சொல்லிவைத்து இரண்டு பொக்ஸ்களை வரவழைத்து, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே இருந்தது. ஒன்று பதினெட்டுக்கு ஒன்று. அதாவது ஸ்டியரிங்கைப் பதினெட்டுப் பாகை சுற்றினால் டயர் ஒரு பாகை திரும்பும். என் காரில் இருந்ததும் அதே அளவுதான். மற்றது பதினைந்துக்கு ஒன்று. குறைவாகச் சுற்றினாலே போதும், ஆனால் கை கூடுதலாக அழுத்த வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்பதால் அந்தப் பாரம் முழுவதும் ஓட்டுபவருக்குத்தான்.

"ஒங்கட தோளுக்கு இந்தப் பதினைஞ்சு வேணாம் டீச்சர். மிச்சம் பாரம். பழைய அளவையே போட்டுத் தாறேன்" என்றார் மெக்கானிக்.

கூட வந்திருந்த என் கணவர் உடனே தலையாட்டினார். அவருக்கு உண்மையில் இரண்டுமே வேண்டாம். "இதை வித்துட்டு பவர் ஸ்டியரிங்கோட ஒரு ஆட்டோ கியர் கார் எடுத்தா நிம்மதியா போயிட்டு வருவ. வலியோட எதுக்கு இந்த மல்லுக்கட்டு?" என்று, காரைக் கராஜிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் த்ரீவீலரில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. காலையில் சட்டை போட நான் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறவர். பழைய அளவே இருக்கட்டும் என்று கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் கழுவி வைத்த பெரிய பீங்கான் தட்டை எடுத்து, ஸ்டியரிங்கைப் போல் இரு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் திருப்பும்வரை தோளில் ஒன்றுமில்லை. மேலும் திருப்பி இடது கை வலது பக்கம் தாண்டும் இடத்தில்தான் சுரீரென்றது. தட்டின் மறுபக்க விளிம்பைப் பிடித்துத் தடுக்கும்படி கணவரிடம் சொன்னேன்.

"இன்னும் இறுக்கிப் பிடிங்க."

"தட்டு உடைஞ்சிரும்."

"உடையாது, பிடிங்க."

அவர் இறுக்கிப் பிடித்தும் அந்தச் சின்னத் திருப்பலில் வலி வரவில்லை. அப்படியானால் பாரம் எனக்குப் பிரச்சினையில்லை, கை சுற்றும் தூரம்தான் பிரச்சினை. எல்லாரும், நானும் சேர்த்து, தவறான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மெக்கானிக்கின் மச்சான் நாவுலயில் மரக்கறி வியாபாரம் செய்கிறார். அவரிடமும் இதே வகைக் கார், பதினைந்துக்கு ஒன்று பொக்ஸுடன் இருந்தது. அடுத்த ஞாயிறு அதை ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். பின்சீட்டிலிருந்த வெங்காயச் சாக்கை இறக்கிவிட்டுச் சாவியைத் தந்தார். "நிக்கிற வண்டில மட்டும் திருப்பிடாதீங்க டீச்சர். உருள விட்டுட்டுத் திருப்புங்க" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்காமல், நின்ற இடத்திலேயே திருப்பிப் பார்த்தேன். கல்லைப் புரட்டுவதுபோல் இருந்தது. உருள விட்டதும் பாரம் பாதியாகிவிட்டது. வயல்பக்கத்து வளைவுகளில் கைகளைப் பிடித்த இடத்திலிருந்து எடுக்காமலே திருப்ப முடிந்தது. தோள் சும்மா இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் பாதையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்து நிறுத்தியதும், "அப்ப இதையே போடச் சொல்லுவோம்" என்றார்.

மெக்கானிக் தட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "பார்க்கிங்ல என்னைத் திட்டக் கூடாது, சரியா?" என்று சொல்லிவிட்டுப் பதினைந்தையே காரில் பூட்டினார்.

முதல் வாரம் கார் என்னைவிட அவசரப்பட்டது. ஒரு தும்மலுக்கே வேலிப்பக்கம் ஒதுங்கியது. பிறகு பழகிவிட்டது. கொண்டை வளைவுகளில் மட்டும் இன்னும் கை மாற்ற வேண்டும்; அதை வலது கை பார்த்துக்கொள்கிறது. மாத்தளைக் கடைத்தெருவில் நெருக்கமான இடம் கிடைத்தால் விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி, நேராக நுழையக்கூடிய இடத்தில் நிறுத்துகிறேன். அங்கிருந்து மரக்கறிப் பையை வலது கையில் மாட்டிக்கொண்டு கணவரும் நானும் நடந்து போகிறோம்.