ஈறைப் பற்றி யாரும் கேட்பதில்லை

பல் வைத்தியரிடம் வருகிறவர்கள் பல்லைக் காட்டுவார்கள், பல்லைப் பற்றிக் கேட்பார்கள். அந்தப் பல்லைத் தாங்கிப் பிடிக்க ஈறு என்று ஒன்று இருப்பதைச் சொன்னால், பேச்சை மாற்றுகிறான் என்று நினைப்பார்கள். எழுபதுகளில் தென்காசியில் போர்டு மாட்டிய நாளிலிருந்து எனக்கு இதே பாடுதான். ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குப் புரியும்.

கள்ளன் பயம்

வடகரையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், நான் செய்துகொடுத்த பல்செட் கடிக்கிறது என்று வந்தார். செட்டில் குறையில்லை. கழற்றினால் அடியில் ஈறு மிளகாய்ப்பழம்போலச் சிவந்திருந்தது. இரவும் பகலும் வாயிலேயே வைத்திருக்கிறார். "படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போடுங்கள் சார், ஈறு கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ராத்திரி கள்ளன் வந்தா, பல்லில்லாம நான் எப்படிக் கத்துவேன் டாக்டர்?"

திருகுப் பல்

எண்பதுகளின் கடைசியில் புளியங்குடி எலுமிச்சை மண்டி அண்ணாச்சி ஒருவர் வந்தார். ஏலம் கூவுகிறவர். மேல்வரிசை முன்பல் போனதிலிருந்து விலை சொன்னால் காற்றுதான் வந்தது, மண்டியே சிரித்தது. பழம் அனுப்பும் பழக்கத்தில் பம்பாய்க்கே போய், தாடை எலும்பில் திருகு இறக்கி, அதன்மேல் பல் பொருத்திக்கொண்டு வந்துவிட்டார். நான் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். இது போனால் இன்னொன்று வைக்க எலும்பு மிஞ்சாது என்று பம்பாய் டாக்டர் எச்சரித்திருந்தாராம்.

திருகைச் சுற்றி ஈறு இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். அது விட்டால் கிருமி இறங்கும், எலும்பு கரையும், பல் விழும் என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இரும்புல நிக்கிற பல்லு டாக்டர். அதுக்கு எதுக்கு ஈறு?"

கைபடாத பல்

சில மாதம் கழித்து வந்தார். மற்ற பல்லெல்லாம் பளிச்சென்று இருந்தது. திருகுப் பல்லைச் சுற்றி மட்டும் அழுக்குப் படிந்து, ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம். பிரஷ் அந்த இடம் வந்ததும் தாண்டிப் போய்விடுமாம். கத்திவிட்டேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. படம் சரியில்லையோ? நான் பேசுவது என் காதுக்கு மட்டும்தான் கேட்கிறதோ?

"புது லாரியையே நான் துணியால ஒத்தித்தான் தொடைக்கேன். இதைப்போய் பிரஷ்ஷால பிறாண்டச் சொல்லுதீங்களே!"

அருவி வைத்தியம்

சுத்தம் செய்து, மென்மையான பிரஷ்ஷும் கொப்பளிக்க ஒரு தம்ளர் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரும் சொல்லி அனுப்பினேன். அப்போது சாரல் காலம். அந்த ஞாயிறு குடும்பத்தோடு குற்றாலம் போனேன். ஐந்தருவியில் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் அண்ணாந்து, மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்து, கொட்டுகிற தண்ணீரை நேராக முன்பல்லில் வாங்கிக்கொண்டிருந்தார். நம் அண்ணாச்சிதான். நான் போட்ட சத்தம் அருவியில் அமுங்கிப்போனது. கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மூலிகைத் தண்ணீர், ஈறுக்கு நல்லது என்றார். ஈறிலிருந்து ரத்தம் வழிந்தது.

"நீங்க சொன்னது ஒரு தம்ளர் தண்ணி. இங்கன எவ்வளவு விழுது பாத்தீங்களா!"

காம்பு

அடுத்த முறை வந்தபோது ஈறு விலகி, திருகின் விளிம்பே சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விலகினால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. அதை மட்டும் சொல்லி, கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நெடுநேரம் பார்த்தார். முகம் மாறியது. பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: மண்டியில் பழம் பிரிக்கும்போது, காம்பு இருந்த இடத்தை மூடியிருக்கும் பொட்டு பெயர்ந்ததைத் தனியே வீசிவிடுவார்கள். தோல் எவ்வளவு பளபளத்தாலும் அந்த வழியாக அழுகல் இறங்கிவிடும். பம்பாய் போய்ச் சேராது.

"காம்பு பெயர்ந்த பழம்லா இது! இதை அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன டாக்டர்? சும்மா படம் போட்டுக்கிட்டுக் கெடந்தீங்க!"

சிபாரிசு

அதன்பிறகு ஒரு வேளைகூடத் தவறாமல் தேய்த்தார். ஈறு மெல்ல இறுகியது, பல் நின்றது, ஏலத்தில் குரல் கணீரென்று கேட்டது. போதாததற்கு மண்டி ஆட்களை என்னிடம் அனுப்பத் தொடங்கினார். முதலில் வந்தவர் நாற்காலியில் சாய்ந்ததும், அண்ணாச்சி சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தார்.

"'கை நல்ல கை. வெளக்கத்தான் தெரியாது. அவரு ஈறுன்னு சொன்னா நீ காம்புன்னு நெனச்சுக்கோலே'ன்னாரு."

ஈறைப் பற்றிப் படித்த காலத்தில் கொஞ்சத்தை எலுமிச்சை மண்டியில் நின்று கழித்திருந்தால், என் தொண்டையாவது பிழைத்திருக்கும்.