ஊ சானின் தாடி

எப்பேர்ப்பட்ட மனிதரும் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் எங்கள் முன்னால் தலை குனிந்துதான் ஆகவேண்டும். ஆனாலும் பயந்து சாகிறவர்கள் நாங்கள்தான். கத்தி பிடித்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

காத்தாடும் கிழமை

ரங்கூனில் அலோன் படகுத்துறைக்கு எதிரே என் மாமாவின் சலூன். அதில் இரண்டாவது நாற்காலி என்னுடையது. செவ்வாயும் வெள்ளியும் நம்மவர்கள் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள். திங்களும் வெள்ளியும் பர்மியர்கள் வெட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை கடையில் நாங்களும் கண்ணாடியும்தான். துறையில் மூட்டை தூக்கும் மாரிமுத்து அண்ணன் ஒரு வெள்ளியன்று வெயிலுக்கு ஒதுங்கியவர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு நாட்டுச் சனமும் ஒத்துப்போற விஷயம் இது ஒண்ணாவது இருக்கேடா!"

தட்டிய கை

கடைக் கட்டடம் ஊ சான் என்ற பர்மியப் பெரியவருக்குச் சொந்தம்; பெயருக்கு முன்னால் வரும் 'ஊ' நம் 'ஐயா' மாதிரி. பர்மாவுக்குச் சுதந்திரம் கேட்கும் கட்சியில் அவர் முக்கியஸ்தர். நான் வேலைக்கு வந்த புதிதில் அவருக்கு முடி வெட்டி முடித்து, நம் வழக்கப்படி உச்சந்தலையில் இரண்டு கையாலும் படபடவென்று தட்டிவிட்டேன். நம்மவர்கள் அந்தத் தட்டுக்காகவே கண்ணை மூடிக் காத்திருப்பார்கள். அவர் முகமோ சிவந்துபோனது. பர்மியருக்குத் தலை என்றால் கோயில் மாதிரி. சின்னவன் கேட்காமல் தட்டலாமா? மாமா ஓடிவந்து கும்பிட்டார். ஊ சான் பர்மியத்தில் மெதுவாகச் சொன்னார்: "வெட்டினது நல்லாத்தான் இருக்கு. தட்டணும்னா மட்டும் கேட்டுட்டுத் தட்டு, தம்பி."

வேண்டுதல்

சட்டசபைத் தேர்தல் வந்தது. கட்சி ஜெயிக்கும்வரை முகத்தில் கத்தி படாது என்று ஊ சான் சபதம் செய்தார். வாரக்கணக்கில் வளர்ந்தும் ஆட்டுக்கிடாய் தாடியில் பாதிகூடத் தேறவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் கடையின் வாடகைக் கெடு முடிந்தது. மாமா போய்க் கேட்டதற்கு, "தேர்தல் முடியட்டும்" என்று மட்டும் ஊ சான் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கட்சி ஜெயித்தால் நம்மையெல்லாம் ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று துறை முழுக்கப் பேச்சு. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தக் கட்சி தோக்கட்டும்னு முனியாண்டிக்கு வேண்டிக்கலாமா?" என்று புலம்பினார். மாரிமுத்து அண்ணன் விடவில்லை: "ஊர்ல நாம சுயராஜ்யம் கேக்கலியா? அவங்க கேட்டா மட்டும் உமக்குக் கசக்குதோ, அண்ணே?"

ஜெயித்த மறுநாள்

கட்சி ஜெயித்துவிட்டது. தெருவெல்லாம் மேளமும் ஊர்வலமும். மறுநாள் காலை ஊ சான் வந்து, நேராக என் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டுத் தலைக்கட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். மாமா கெடு முடிந்த வாடகைச் சீட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றார். தொண்டைக்குழியில் கத்தியை வைத்தேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் கத்தியை எடுத்து மறுபடியும் தோல்வாரில் தீட்டினேன்.

தாடி போனதும் பழைய முகம் வந்தது. பர்மியப் பிள்ளைகள் பெரியவர்களை அழைக்கிற மாதிரி, "ஊலே, தட்டலாமா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இனிமே கேக்க வேணாம், தம்பி. நாடு எங்க கைக்கு வரட்டும். என் தலை உங்க கையிலயே இருக்கட்டும். கடையும்தான்னு உன் மாமாகிட்டச் சொல்லு, மனுஷன் உக்காரட்டும்."

சுதந்திரம் எப்போது வருமோ தெரியாது. எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை மட்டும் இன்னும் காத்தாடிக்கொண்டுதான் இருக்கிறது.